சாம்பாரில் விழுந்த பட்டை

என் கைப்பட்டை முதல் தடவை சாம்பாரில் விழுந்தது தற்செயலாகத்தான். அதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடமடித்துச் சொல்வேன். அடுத்தடுத்த தடவைகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு இறங்கியதும், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும். சமையலறைக்கு இயந்திரம் வந்த பிறகும் அந்த விதியை யாரும் எடுக்கவில்லை. இயந்திரத்துக்கு நாக்கு கிடையாதே. அன்றைக்கு என் முறை. அண்டாவுக்குள் குனிந்தபோது பட்டையின் கொக்கி நழுவி, பூசணித் துண்டுகளுக்கு நடுவே போய் மூழ்கிவிட்டது. கரண்டியால் துழாவி எடுப்பதற்குள் அதன் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அன்று பிள்ளைகளுக்கு ரசம்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் முதுகுப்புறத்தில் இருக்கிறது எங்கள் தொடக்கப்பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வீட்டில் இந்தி, ஒடியா. மீதிப் பாதிக்குத் தமிழ். ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் மூன்றே பேர். ஒன்றும் இரண்டும் ஷாஹிதா அக்காவிடம். மூன்று, நான்கு, ஐந்து என்னிடம். தலைமையாசிரியர் ஈஸ்வரமூர்த்தி சாருக்கு வகுப்பு கிடையாது. அவருக்குக் கணினி இருந்தது. பிள்ளைகளின் எடை, உயரம், செருப்பு அளவு, முட்டை வேண்டுமா வேண்டாமா என்று அது நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும், அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கை ஓயாதபோது மிச்சக் கேள்விகள் எங்களிடம் வரும். பாடம் நடத்துவது அதற்கெல்லாம் இடையில் கிடைக்கிற நேரத்தில்.

பட்டை வருவதற்கு முந்தைய வருடம் ஷாஹிதா அக்கா பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்தே இருப்பார். வண்டி நின்றிருக்கும், ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். உள்ளே வரக் கால் எழாது. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அவர் மட்டுமில்லை. மாநிலம் முழுக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இப்படி உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. செய்திகளில் அது நாறிய பிறகு புதிதாக நலவாழ்வு இயக்ககம் ஒன்று முளைத்தது. அது கொடுத்ததுதான் இந்தப் பட்டை. பெயர் சாந்தம்.

பயிற்சி வகுப்பில் விளக்கம் சொல்ல வந்தவர் நல அலுவலர் பிரசன்னா. முப்பது வயதிருக்கும். நல்ல மனிதர்தான். அவர் கையிலும் ஒரு பட்டை இருந்தது, கொஞ்சம் பளபளப்பாக.

"உங்க நாடித்துடிப்பு கூடுச்சுன்னா இதுக்குத் தெரிஞ்சிடும்ங்க. மணிக்கட்டு நரம்புல லேசா ஒரு துடிப்புக் கொடுக்கும். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அரை நிமிஷத்துல மனசு அடங்கிடும்" என்றார்.

வேலை குறையுமா என்று நான் எழுந்து கேட்டேன்.

"வேலை இருக்கும்ங்க. ஆனா பாரமாத் தெரியாது."

எல்லோரும் சிரித்தோம். அதுவே போதும் என்கிற நிலைமையில்தான் அன்றைக்கு இருந்தோம்.

பொய் சொல்லக் கூடாது, பட்டை வேலை செய்தது. நான் ராத்திரி தூங்கினேன். பிள்ளைகள் மேல் கத்துவது நின்றது. ஷாஹிதா அக்கா மணியடிக்கும் முன்பே உள்ளே வந்தார். மூன்று மாதம் கழித்துப் பக்கத்துப் பள்ளியை மூடி, அங்கிருந்த பிள்ளைகளையும் எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். பணி ஒதுக்கீடு செய்கிற கணினிக்கு எங்கள் பட்டைகளின் கணக்கு நேராகப் போகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிந்தால் ஆசிரியரிடம் இன்னும் இடம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பிள்ளைகள் வந்த அன்று எனக்குச் சுருக்கென்றது. உடனே மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்தது. "பரவால்லீங்க, பாத்துக்கலாம்" என்றேன். ஈஸ்வரமூர்த்தி சாரும் பரவால்லீங்க என்றார். அப்புறம் வீடு வீடாகக் கொசுக் கணக்கெடுக்கும் வேலை வந்தது. அதற்கும் பரவால்லீங்க.

பட்டை சாம்பாரில் விழுந்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழ ஆரம்பித்தது. புதுப்பட்டை வரும்வரை வெறுங்கையோடு இருக்கலாம் என்பது விதி. முதல் இரண்டு நாள் எரிச்சல் எரிச்சலாக வந்தது, ஏனென்றே தெரியாமல். மூன்றாம் நாள் காரணம் தெரிந்துவிட்டது. என் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனாலும் அது என்னுடைய கோபம். தொலைந்துபோன பொருள் கைக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

அந்த வாரம்தான் ஷாஹிதா அக்கா வகுப்புப் பிங்கி காணாமல் போனாள்.

சாப்பிட்டு வந்த பிள்ளைகளை ஷாஹிதா அக்கா தலை எண்ணி உட்கார வைப்பார். ஒவ்வொரு தலையையும் தொட்டு, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். தலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இடையில் தட்டிச் சுவர்தான், பக்கத்து அறையில் இருக்கிற எனக்கும் அந்த எண்ணிக்கை கேட்டுக் கேட்டுப் பழக்கம். அன்றைக்குக் கடைசி எண் ஒன்று குறைவாக வந்து நின்றது. பிறகு, "சரி கண்ணுகளா, புத்தகத்த எடுங்க" என்று அவர் குரல்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுந்து போய், ஒன்று குறைகிறதே அக்கா என்றேன்.

"ஆமா வினோ" என்று அவர் சிரித்தார். "வந்துரும்."

நான் ஓடினேன். சமையலறை, கேட், மாடிப்படி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கழிப்பறையின் தகரக் கதவு உள்ளே தாழ் போட்டபடி இறுகிக் கிடந்தது. சித்திரை வெயில். உள்ளே சத்தமே இல்லை. கதவை நாலு உதை உதைத்து உள்ளே போனபோது, சுவரோரம் குந்தியிருந்த பிங்கிக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் வகுப்பில் அவள் பையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து வாயில் வைத்து அழுத்தி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துவிட்டாள்.

பிங்கியின் அம்மா சுனிதா கம்பெனியிலிருந்து தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். இந்தியிலும் தமிழிலும் கத்தினார். அவர் எதிரில் நின்றிருந்த ஷாஹிதா அக்காவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பதமான, பொறுமையான சிரிப்பு. எனக்கே பார்க்க முடியவில்லை, பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கு அழுகை வரமாட்டேங்குது வினோ. வரோணும்னு தெரியுது. உள்ளார இருக்குது. வரமாட்டேங்குது."

கழற்றிப் போடுங்கள் என்றேன். வேலை நேரத்தில் கழற்றினால் நலக்குறைவு என்று பதிவாகும், சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பிவிடுவார்கள் என்றார். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது.

"கழட்டுனா மறுபடி கேட்டுக்கிட்டயே உக்காந்துருவேன். நீ எத்தன நாளைக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வருவ?"

ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நின்றது, நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

சுனிதாவின் புகாரில் கதவைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் டீச்சர் சிரித்ததைப் பற்றி. இயக்ககம் பட்டையின் பதிவை எடுத்துப் பார்த்தது. சம்பவ நேரத்தில் விளக்கு பச்சை. மன உளைச்சல் ஏதும் இல்லை. ஆகவே இது தெரிந்தே செய்த அலட்சியம், பணிநீக்கத்துக்கு உரியது என்று முடிவு கட்டிவிட்டு, பேருக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். இருபது வருடமாக ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். அவரை அமைதிப்படுத்தியதும் அவர்கள், அமைதியாக இருந்தாய் என்று குற்றம் சாட்டுவதும் அவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் புதுப்பட்டை வந்து சேர்ந்தது விசாரணைக்கு முந்தின நாள். அதைக் கையில் கட்டினால் இந்த நெருப்பு அணைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் முந்தைய நாள் சாம்பார் மிச்சத்தை ஒரு டம்ளரில் சூடு பண்ணி, பட்டையை அதற்குள் போட்டேன். பிள்ளைகளின் சாம்பாரில் மறுபடி கை வைக்க மனம் வரவில்லை, அதனால் வீட்டுச் சாம்பார். பள்ளிக்கூடத்துக்கும் அதையே ஒரு தூக்குவாளியில் எடுத்துப் போனேன்.

ஈஸ்வரமூர்த்தி சார் என் வெறுங்கையைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. என் திட்டத்தைச் சொன்னேன். அதற்கு அவர் உதவி வேண்டும், அந்த உதவி பச்சை விளக்கு எரிகிற மனிதரால் ஆகாது என்றும் சொன்னேன். கணினியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சூடு கம்மியாத்தானுங்களே இருக்குது டீச்சர்?"

பட்டை அணைந்து அரைமணி நேரம் அவர் தன் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பிரேயர் முடித்து வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஒரு பள்ளிக்கூடத்தையே கொண்டாந்து நம்ம தலைல கட்டிட்டுப் போனாங்களே. நான் ஏனுங் டீச்சர் கையெழுத்துப் போட்டேன்?" என்றார். அடுத்த ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் யாரும் போக முடியவில்லை.

விசாரணைக்குப் பிரசன்னா பதினோரு மணிவாக்கில் வந்து ஷாஹிதா அக்காவின் வகுப்பறையில் உட்கார்ந்தார். சுனிதாவை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பிங்கியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெஞ்சில் இறுகிப்போய் இருந்தார். கேள்விகளெல்லாம் முடிந்தபோது மதியமாகிவிட்டது. சாப்பிடச் சொன்னோம். பிரசன்னா கையெடுத்துக் கும்பிட்டார். வயிற்றுப்புண், சாம்பார் வாசனையே ஆகாது, வருடக்கணக்காகத் தயிர்சாதம்தான் என்று தன் டப்பாவைத் திறந்து காட்டினார்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் கேட்டேன். ஷாஹிதா டீச்சர் எப்படித் தலை எண்ணுவார் என்பதுதானே வழக்கு, நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள் சார், அறிக்கைக்கு உதவும் என்றேன். அவருக்கு ஆட்சேபணை இல்லை. எதற்குமே அவருக்கு ஆட்சேபணை கிடையாது.

இதற்குள் ஈஸ்வரமூர்த்தி சார், அந்த வகுப்பில் தருண் என்கிற வாலைத் தன் அறைக்குக் கூட்டிப் போய்க் கடலைமிட்டாய் கொடுத்து உட்கார வைத்திருந்தார். காலையில் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. பிரசன்னா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். அழகாகவே எண்ணினார். கடைசித் தலையில் கை நின்றது. பலகையைப் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் கண் விரிந்தது. மணிக்கட்டில் பச்சை விளக்கு மினுங்கியது.

முகம் தளர்ந்து சிரித்தார். "ஒண்ணு குறையுதுங்க. பரவால்லைங்க, இங்கதான் எங்கயாவது இருக்கும்."

பெஞ்சிலிருந்து சுனிதா எழுந்துவிட்டார். விரல் நேராக அவர் முகத்தைக் காட்டியது.

"இது" என்றார். "இதே சிரிப்பு. அன்னைக்கு டீச்சர் மூஞ்சில இதே சிரிப்பு."

பிரசன்னா அந்த விரலையும் பார்த்துச் சிரித்தார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் உறைக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. தோற்றுப் போனால் ஒப்புக்கொள்வார் என்று திட்டம் போட்டிருந்தேன். தோற்றதே மனதில் தைக்காத ஆளை என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி சார் உள்ளே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அலுவலரின் கையைப் பிடித்து, கொக்கியை நிமிண்டிப் பட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எண்ணுங்க சார்" என்றார்.

பிரசன்னா இரண்டாவது தடவை எண்ணத் தொடங்கினார். பாதி வரிசையில் குரல் கம்மியது. முடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்வை. மறுபடி பலகையைப் பார்த்தார். "எந்தக் குழந்தைங்க?" என்றார். "எந்தக் குழந்தையக் காணோம்ங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெளியே ஓடினார். அறிக்கையில் படித்திருக்கிறாரே, நேராகப் பின்பக்கக் கழிப்பறைக்குத்தான் ஓடினார். ஒவ்வொரு கதவாக அடித்துத் திறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

தருண் வாய் நிறைய மிட்டாயோடு போய் அவர் முன்னால் நின்றான். பிரசன்னா அவன் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுனிதாதான் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ரெண்டு வருஷமா எனக்குப் பயம்னு ஒண்ணு வரவே இல்லைங்க" என்றார் பிரசன்னா. "இதை எத்தனை பேர் கையில கட்டிவிட்டிருக்கேன்."

நான் அப்போது பேசியது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் ஒரு வருடத்துக் கோபம் சேர்ந்திருந்தது. "எங்களுக்குச் சீக்கு ஒண்ணுமில்லீங்க சார். வேலைதான் சாஸ்தி. அதக் கொறைங்க, ஆளக் குடுங்க, நாங்க நல்லாயிருப்போம். ஒரு புள்ள கொறைஞ்சா எங்க வயிறு கலங்கோணும். அதுதானுங்க எங்க வேலையே. அத எடுத்துப்போட்டு எங்களுக்கு நல்லது பண்றேன்னு சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். இந்த முறை அதில் சிரிப்பு இல்லை.

சுனிதா, ஷாஹிதா அக்காவிடம் போனார். "கழட்டு" என்றார், அவ்வளவுதான். அக்கா என்னைப் பார்த்தார். எத்தனை நாளைக்கு என்று அவர் ஆட்டோவில் கேட்டதுக்கு எனக்கு இப்போது பதில் தெரிந்திருந்தது. "எத்தன நாளானாலும் கூட்டிட்டு வர்றேன் அக்கா" என்றேன். பட்டையைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பிங்கி எழுந்து வந்து அவர் முந்தானையைப் பிடித்தாள். அக்கா உடைந்து அழுதார். பெற்றவளும் சேர்ந்து அழுதாள். சிறு பிள்ளைகள் பலர் காரணம் தெரியாமலே அழுதார்கள். ஒரு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் யாரும் அழுதிருக்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் நிம்மதியாக இருந்தது.

அறிக்கையில் பிரசன்னா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஷாஹிதா அக்கா மேலிருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். பட்டையை எடுக்கவில்லை. இன்னும் மேம்பட்ட பட்டை வரும் என்றார்கள். வந்தது. எங்கள் மூன்று பேரின் பட்டைகளும் ஒரே வாரத்தில் சாம்பாரில் விழுந்தன.

பழுதுபார்க்கும் நிலையத்தில் வேலை செய்கிற பெண் என்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். மூன்று பட்டைக்கும் காரணம் ஒன்றேதானா என்று. ஆமாம், ருசி பார்க்கும்போது விழுந்துவிட்டது என்றேன். விஷயம் வெளியே எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஈஸ்வரமூர்த்தி சார் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும், இப்போதெல்லாம் அவர் வாய் மூடுவதே இல்லை. பல்லடத்தில் விழுந்தது, அவிநாசியில் விழுந்தது, தாராபுரத்தில் ஒரு பள்ளியில் எல்லாப் பட்டைகளும் ஒரே நாளில் விழுந்தன. நிலையம் முழுக்கப் பெருங்காய வாசனை அடிக்கிறது என்று அந்தப் பெண் அலுத்துக்கொண்டாள். பட்டை இல்லாத ஆசிரியர் தலையில் ஒதுக்கீட்டுக் கணினி புது வேலை ஏற்ற முடியாது. அளவு தெரியாமல் ஏற்றக் கூடாது என்பது அவர்களே வைத்த விதி. கொசுக் கணக்கு நின்றது. அடுத்து ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். கிடைக்கும்வரை கேட்போம்.

ஷாஹிதா அக்கா சில காலைகளில் இன்றைக்கும் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்துவிடுகிறார். நான் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். உள்ளே ஈஸ்வரமூர்த்தி சார் கணினியை அணைத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கதை சொல்லுவார். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றும்வரை கதை நீளும். சில நாள் அரைமணி ஆகும். ஆகட்டும்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் குழப்பம். ஒரு பட்டை வந்திருக்கிறது, மற்றதைவிடப் பளபளப்பு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததில்லை, ஆனால் காரணம் மட்டும் நீங்கள் எழுதுவதேதான் என்றாள். பெயரைக் கேட்டேன்.

பிரசன்னா, நல அலுவலர். ருசி பார்க்கும்போது சாம்பாரில் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாராம்.

"இருக்கும்ங்க" என்றேன். "அவருக்குச் சாம்பார்னா உசுரு."